மலைச்சரிவில் ஒரு சின்ன அறைவீடு



ஜூன் மாதத்து டெல்லி எப்படியிருக்கும் என்பதைத் தலைநகரில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. வெயில் 45 டிகிரியை எட்டும் நாட்களில், ஒற்றை அறையில் ஐந்து பேர் வாழும் குடும்பத்தில், ஒருவர் கதவைப் பூட்டித் தனித்து முழங்காலில் நிற்க இடம் ஏது? "ஐயா, இரண்டு நாள் அமைதியாக அமர்ந்து ஜெபிக்க ஓர் இடம் வேண்டும்" என்று விசுவாசிகள் கேட்பது பல ஆண்டுகளாக என் காதில் ஒலித்துக்கொண்டேயிருந்தது. ஆகவே, குமாவோன் மலைப்பகுதியில் எங்கள் சபைக்கென ஒரு தியான இல்லம் கட்டலாம் என்ற எண்ணம் எழுந்தது. காணிக்கைகளும் சேர ஆரம்பித்தன.

கட்டட வரைபடமும் வந்துவிட்டது. மூன்று மாடி, நாற்பது அறைகள், முகப்பில் பெரிய கண்ணாடிச் சுவர். "கீழே சாலையில் போகிறவர்களுக்கும் சபையின் பெயர் தெரியும், ஐயா" என்றார் மூப்பர் ஒருவர். அதைக் கேட்டு என் உள்ளமும் மகிழ்ந்தது என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

அந்த வாரம் ஒரு சகோதரி 500 ரூபாய் காணிக்கையோடு வந்தார். ஜங்புராவின் மதராசி கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவர். பாராபுலா வடிகாலின் நீரோட்டத்துக்குத் தடையாயிருக்கிறது என்று, நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. அங்கிருந்த சுமார் 370 வீடுகளில் அவருடைய வீடும் ஒன்று. வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "ஐயா, எங்கள் வீடு தண்ணீரின் வழியை அடைக்கிறது என்றுதானே இடித்தார்கள்? மலையிலே நாம் கட்டப்போகிற வீடு எந்தத் தண்ணீரின் வழியிலும் நிற்காதல்லவா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கையொப்பமிடுமுன் ஒருமுறை மலையை நேரில் பார்த்து வருவோம் என்று இரண்டு மூப்பர்களையும், கட்டடப் பொறியாளராகப் பணிபுரியும் வாலிபத் தம்பி ஒருவரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

ஏழு ஏரிகளின் ஓரத்தில்

பழைய டெல்லி நிலையத்தில் இரவில் ஏறினால் விடியற்காலையில் காத்கோதாம். இருப்புப்பாதை அங்கே முடிந்துவிடுகிறது. அதற்குமேல் வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலைதான். பீம்தாலைக் கடந்து சற்றுத் தூரம் போனால் சாத்தால் வருகிறது. ஏழு ஏரிகள் என்பது அதன் பொருள். ராமர், லட்சுமணர், சீதை பெயரால் அழைக்கப்படும் ஏரிகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. சுற்றிலும் பாஞ்ச் என்னும் கருவாலி மரங்களும், ஊசியிலைப் பைன் மரங்களும் அடர்ந்து நிற்கின்றன.

இவ்விடத்தில்தான் அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரியான ஸ்டான்லி ஜோன்ஸ் 1930-ஆம் ஆண்டில் கிறிஸ்தவ ஆசிரமம் ஒன்றைத் தொடங்கினார். யூனஸ் சின்கா என்ற இந்தியப் போதகரும், எதெல் டர்னர் அம்மையாரும் அவரோடு சேர்ந்து நின்றார்கள். காந்தியடிகளின் நண்பரான ஜோன்ஸ், இந்நாட்டு ஆசிரம வாழ்வின் எளிமையை விசுவாச வாழ்வோடு இணைக்க விரும்பினார். எல்லோரும் ஒன்றாய் ஜெபிப்பதும், ஒன்றாய் உடலுழைப்பதும் அங்கே முறையாயிருந்தது.

நாங்கள் அங்கே கண்டது பெரிய மாளிகையை அல்ல. மரங்களுக்கிடையே சிறு சிறு குடில்கள் இருந்தன. ஒரு குடிலிலிருந்து பார்த்தால் அடுத்த குடில் எளிதில் கண்ணுக்குத் தென்படாது. வழிகள் மரங்களைச் சுற்றிக்கொண்டு போயின. வழிக்காக மரங்கள் விலக்கப்படவில்லை. எங்களோடு வந்த தம்பி, "ஐயா, இங்கே கட்டடம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது" என்றார். அந்த வார்த்தை என்னைத் தொட்டது. சாலையிலிருந்து பெயர் தெரிய வேண்டும் என்று விரும்பியவனல்லவா நான்!

குமாவோன் மனிதர் கட்டிய வீடு

மறுநாள் ஒரு கிராமத்தில் முதிய கொத்தனார் ஒருவரைச் சந்தித்தோம். குமாவோன் வழக்கில் அண்ணனைத் தாஜ்யூ என்பார்கள். நானும் அவரை அப்படியே அழைத்தேன். அவருடைய பாட்டனார் காலத்து வீட்டை எங்களுக்குக் காட்டினார்.

கீழ்த்தளம் மாடுகளுக்கு. அதை கோட் என்கிறார்கள். மேல்தளம் மனிதருக்கு. குளிர்காலத்தில் மாடுகளின் உடற்சூடு மேலே ஏறி, படுத்திருப்போருக்குக் கதகதப்பைத் தருகிறது. சுவர்கள் ஒன்றரை அடிக்குக் குறையாத கனம். அதே சரிவில் கிடைத்த கல்லும், களிமண் சாந்தும்தான் கட்டுமானப் பொருள்கள். கூரைக்குப் பத்தால் என்னும் பலகைக்கல். மீனின் செதிள்களைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கியிருக்கிறார்கள். சன்னல்கள் சிறியவை. காலை வெயில் விழும் திசையை நோக்கி முற்றம் அமைந்திருக்கிறது. இவ்வாறான வீடுகள் பலவற்றை ஒரே வரிசையாய்ச் சரிவின் போக்கிலேயே ஒட்டிக் கட்டும்போது அதற்குப் பாக்லி என்று பெயர். சற்று விலகி நின்று பார்த்தால் வீட்டையும் மலையையும் பிரித்தறிய முடியவில்லை. கல்லும் ஒன்றே, நிறமும் ஒன்றே.

"தாஜ்யூ, இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?" என்று கேட்டேன்.

"பாஸ்டர்ஜி, முதலில் ஒரு மழைக்காலம் முழுவதும் அந்த இடத்தைப் பார்ப்பார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரிந்த பிறகுதான் கல்லைத் தொடுவார்கள். இப்போது வருகிறவர்கள் வெயில் காலத்தில் வந்து நிலத்தைப் பார்த்து, மழைக்கு முன்னே கட்டி முடித்துவிடுகிறார்கள்" என்றார்.

பிறகு எங்களை நௌலாவுக்கு அழைத்துச் சென்றார். ஊற்றைச் சுற்றிக் கல்லால் படிபடியாய்க் கட்டி, மேலே கூரையிட்ட சிறிய நீர்த்தொட்டி அது. ஊரார் அதைப் புனிதமாய்ப் பாதுகாக்கிறார்கள். மேலேயுள்ள பாஞ்ச் காடு மழைநீரை மண்ணில் இறங்கச் செய்ய, அந்நீர் இங்கே ஊற்றாய் வெளிப்படுகிறது. இமயப் பகுதியின் ஊற்றுகளில் ஏறக்குறையப் பாதி வற்றி வருவதாக நீதி ஆயோக்கின் 2018-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

அன்றிரவு தம்பி ஒரு கணக்குப் போட்டார். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது அரசு வழிமுறைகளின் அளவு. நாற்பது அறைகளில் எண்பது பேர் தங்கினால் 10,800 லிட்டர். அது ஊரின் ஊற்றிலிருந்து எடுக்கப்பட வேண்டும். பயன்படுத்திய பின் அவ்வளவும் கழிவுநீராய் அதே சரிவின் மண்ணுக்குள் இறங்கவும் வேண்டும். மொட்டைமாடித் தொட்டியில் 10,000 லிட்டர் நிரப்பினால் அந்தத் தண்ணீரின் எடை மட்டும் 10 டன். நாங்கள் நால்வரும் சிறிது நேரம் பேசாமல் அமர்ந்திருந்தோம்.

கந்தல் துணிக் காலணி அணிந்தவர்

இதே குமாவோனின் கிழக்கு ஓரத்தில் பித்தோராகர் இருக்கிறது. அங்கே செல்ல எங்களுக்கு நாள் இல்லை. ஆனால் அங்கே வாழ்ந்த ஒருவரைக் குறித்து அன்றிரவு நான் அவர்களுக்குச் சொன்னேன். அவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த கட்டடக் கலைஞர். குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது சீனாவில் குஷ்டரோகிகளுக்கு ஊழியம் செய்துவிட்டுத் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது, காந்தியடிகளைச் சந்தித்தார். கந்தல் துணியால் செய்யப்பட்ட அவருடைய காலணிகள் காந்தியடிகளின் கவனத்தை ஈர்த்தன. ஒரு வீடு அதைச் சுற்றி ஐந்து மைல் தூரத்துக்குள் கிடைக்கும் பொருள்களால் கட்டப்பட வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தைப் பேக்கர் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை.

1945-இல் குஷ்டரோக மிஷன் பணிக்காக இந்தியா திரும்பிய அவர், 1948-இல் கேரளத்து மருத்துவரான எலிசபெத் ஜேக்கபை மணந்தார். இருவரும் பித்தோராகருக்குப் போனார்கள். மருத்துவர் வந்திருக்கிறார் என்று அறிந்த மலைமக்கள் நோயாளிகளை அழைத்து வரவே, அவர்கள் ஏறக்குறைய 16 ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். இங்கிலாந்தில் கற்ற கட்டடக் கலை அந்த மலையில் தமக்குப் பெரிதும் உதவவில்லை என்பதைப் பேக்கர் உணர்ந்தார். கல்லையும் மண்ணையும் கையாளும் முறையை உள்ளூர்க் கொத்தனார்களிடமே கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் கேரளத்தில் அவர் கட்டிய எளிய வீடுகளுக்காக 1990-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2007-இல் மறைந்தார். கற்பிக்க வேண்டிய தகுதியுடையவர் கற்பவராய் அமர்ந்தார் என்பதை நான் ஒரு போதகனாய் எண்ணிப் பார்க்கிறேன்.

மரமும் கல்லும் மாறி மாறி

சில ஆண்டுகளுக்கு முன் ஊழியத்தின் நிமித்தம் இமாசலப் பிரதேசத்தின் குல்லு பள்ளத்தாக்குக்குச் சென்றபோது நகர் என்னும் ஊரின் பழைய அரண்மனையைப் பார்த்தேன். 1460-ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் அது, காத்-கூனி முறையில் அமைந்தது. தேவதாரு மரச்சட்டங்களை இரட்டையாய்ப் படுக்கவைத்து, இடையில் கல்லை அடுக்கி, அதன்மேல் மீண்டும் மரம், மீண்டும் கல் என்று சுவரை எழுப்புகிறார்கள். மூலைகளில் மரங்கள் ஒன்றோடொன்று பிணைகின்றன. சிமெண்டோ சுண்ணாம்போ கிடையாது. நிலம் அசையும்போது சுவரும் சற்று அசைந்து, பின் தன் நிலைக்குத் திரும்புகிறது. 1905 ஏப்ரல் 4 அன்று காங்க்ரா நிலநடுக்கத்தில் 20,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த அரண்மனையோ நிலைத்து நின்றது.

இதைக் கண்டு நாமும் அப்படியே தேவதாருவால் கட்டலாம் என்று எண்ணக்கூடாது. அம்மரத்தை வெட்டுவதற்கு இன்று கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. அதேபோல், கான்கிரீட் கட்டடத்தின்மேல் மரப்பலகையை ஒட்டி, மலைவீடு என்று பெயரிடுவதாலும் பயனில்லை. தோற்றத்தைப் பின்பற்றாமல், முறையைப் பின்பற்ற வேண்டும். அமெரிக்காவில் 1929-இல் பிறந்து காங்க்ராவில் வாழ்ந்த திதி கான்ட்ராக்டர் அம்மையார் அதைச் செய்தார். கட்டடக் கலைக்கான பட்டம் இல்லாதவர். சேற்றுச் செங்கல், மூங்கில், ஆற்றுக்கல், பலகைக்கல் ஆகியவற்றைக்கொண்டு முதுமையிலும் மருத்துவமனையையும் வீடுகளையும் கட்டினார். 2019 மார்ச்சில் நாரி சக்தி விருது பெற்ற அவர் 2021-இல் மறைந்தார்.

மலை கொடுத்த எச்சரிப்பு

திரும்பும் வழியில் நைனிதாலைக் கண்டோம். 1880 செப்டம்பர் 18 அன்று, இடைவிடாத மழைக்குப்பின் அங்கே மலைச்சரிவு ஒன்று பெயர்ந்து விழுந்து 151 பேர் மாண்டார்கள். அதன்பின் ஆங்கிலேய ஆட்சியினர் சரிவுகளெங்கும் மழைநீர்க் கால்வாய்களை வெட்டினார்கள். ஜோஷிமட் நகரம் பழைய நிலச்சரிவின் குவியல்மேல் அமர்ந்திருக்கிறது, அங்கே கனமான கட்டுமானம் கூடாது என்று 1976-லேயே மிஸ்ரா குழு எச்சரித்தது. 2023 ஜனவரியில் அங்கே 800-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் வெடித்துப் பிளந்ததை நாம் எல்லோரும் செய்திகளில் கண்டோம்.

காரணம் விளங்காததல்ல. சரிவின் அடிப்பகுதியைச் சமதளமாக்க வெட்டும்போது, மேலேயுள்ள மண்ணைத் தாங்கும் பாதம் போய்விடுகிறது. தண்ணீர் இறங்கி ஊறிய மண் எடை கூடி, பிடிப்பை இழக்கிறது. மேலே கட்டடத்தின் பாரமும் சேர்ந்தால் ஒரு பெருமழை போதும். கன்மலைமேல் வீடு கட்டிய புத்தியுள்ள மனுஷனை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். ஆனால் மலையில் இருப்பதெல்லாம் கன்மலை அல்ல, பிரியமானவர்களே.

அறைவீட்டின் அளவு

சூனேம் ஊராள் எலிசா தீர்க்கதரிசிக்காக அமைத்த அறைவீட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு குத்துவிளக்கு. தேவ மனிதனுக்கு அது போதுமாயிருந்தது. எங்கள் தம்பியும் தாஜ்யூவும் சேர்ந்து அந்த அளவிலேயே ஒரு குடிலைக் காகிதத்தில் வரைந்தார்கள். மலையில் கட்ட நினைக்கும் வேறு சபைகளுக்கும் குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்பதால் அதை இங்கே தருகிறேன்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒரே தளம். சரிவு 30 டிகிரியைத் தாண்டும் இடத்தில் கட்டக்கூடாது. ஓடைக்கரையையும் நீர்வடிந்த தடத்தையும் விட்டு விலக வேண்டும். நிலத்தை வெட்டிச் சமமாக்காமல், கல் மேடையைப் படிபோல் ஏற்றி, அதன்மேல் குடிலை வைக்க வேண்டும். சுவருக்கு உள்ளூர்க் கல். நிலநடுக்கத்தைத் தாங்க, அடியிலும் சன்னல் மட்டத்திலும் கூரைக்குக் கீழும் சுவரைச் சுற்றிப் பிணைக்கும் பட்டை அவசியம். தெற்கு நோக்கிய சன்னல் இருந்தால் குளிர்கால வெயில் தரையைச் சூடாக்கும். கூரையின் பரப்பு 15 சதுர மீட்டர் என்றால், 100 மில்லிமீட்டர் மழையில் 1,500 லிட்டர் விழும். வீணாவது போக 1,200 லிட்டராவது தொட்டியில் சேரும். கழிப்பறைக் குழி ஊற்றுக்கு மேலே அமையக்கூடாது. கோடைக்கு முன் பிருல் என்னும் பைன் சருகுகளைச் சுற்றிலும் கூட்டி அகற்ற வேண்டும். இல்லாவிடில் காட்டுத்தீ வாசல்வரை வரும். முற்றத்தின் பள்ளப் பக்கத்தில் கைப்பிடிச் சுவர் வேண்டும் என்பது மோசே காலத்திலிருந்தே நமக்குத் தெரியும். சமையலறையும் கூடும் இடமும் பொதுவாய் ஒன்று இருந்தால் போதும்.

நிலம் வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. உத்தராகண்டில் 2025-இல் திருத்தப்பட்ட சட்டம், 13 மாவட்டங்களில் 11-இல் வெளிமாநிலத்தார் விவசாய நிலமும் தோட்ட நிலமும் வாங்குவதைத் தடுக்கிறது. இமாசலத்திலும் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு, விவசாயி அல்லாதவருக்கு அரசின் அனுமதியின்றி நிலம் மாற்றப்படுவதைத் தடுக்கிறது. தரகரின் வாக்கை நம்பிக் காணிக்கைப் பணத்தைக் கொடுத்துவிடாதிருங்கள்.

எங்கள் தீர்மானம்

புறப்படும் நாளில், கிராமத்தின் மேற்புறத்தில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைக் கண்டேன். "இது யாருடையது?" என்று கேட்டேன். "என் மருமகனுடையது. டெல்லியில் வண்டி ஓட்டுகிறான். பன்னிரண்டு வருடமாய்ப் பூட்டியிருக்கிறது" என்றார் தாஜ்யூ. உத்தராகண்டில் ஆளில்லாமற்போன கிராமங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை என்று 2011 கணக்கெடுப்பு காட்டியது. பிழைப்புக்காக டெல்லிக்கு வந்து, ஊரில் வீட்டைப் பூட்டிவைத்திருப்பவர்கள் நாம் மட்டுமல்ல. நம் பக்கத்துத் தெருவில் வண்டி ஓட்டும் அந்த மலைச் சகோதரனும் அப்படித்தான்.

டெல்லி திரும்பி அவரைத் தேடிச் சந்தித்தோம். மூன்று அறைகள் கொண்ட அந்தக் கல்வீட்டை வாடகைக்குத் தர மனமுவந்து சம்மதித்தார். தாஜ்யூவே கூரைக்கற்களை மாற்றி, சுவருக்கு மண்பூச்சிட்டு, மரச்சட்டங்களைச் சரிசெய்தார். நாற்பது அறைத் திட்டத்தை மடித்து வைத்துவிட்டோம். மூப்பர் ஒருவருக்கு இதில் மனத்தாங்கல் இருந்தது. "இவ்வளவு ஜெபித்துப் பணம் சேர்த்தது ஒரு பழைய வீட்டுக்காகவா?" என்று கேட்டார். அவரோடு பலமுறை பேசினேன். காணிக்கை கொடுத்த ஒவ்வொருவரிடமும் செய்தியைச் சொல்லி, திரும்பப் பெற விரும்பியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தோம்.

இப்போது மாதத்தில் இரண்டு குடும்பங்கள் முறைவைத்து அங்கே சென்று வருகின்றன. பெயர்ப்பலகை எதுவும் வைக்கவில்லை. சாலையிலிருந்து பார்த்தால் அந்த வீடு தெரியாது. மறுரூப மலையில் மூன்று கூடாரங்கள் போட ஆசைப்பட்ட பேதுருவுக்கும் அங்கே எதையும் கட்ட நேரவில்லை. ஆண்டவர் தனித்து ஜெபிக்க ஏறிய மலைகளில் அவர் தமக்கென்று எதையும் கட்டி வைக்கவுமில்லை. அந்தரங்கத்தில் ஏறெடுக்கப்படும் ஜெபத்துக்கு மறைவான வீடே தகுந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

முதலில் சென்றவர்களில் அந்த 500 ரூபாய்ச் சகோதரியும் ஒருவர். மழை பெய்த இரவில் அவர் வாசலில் நின்று, கூரையிலிருந்து விழும் தண்ணீர் முற்றத்தின் கல் வாய்க்கால் வழியாகப் பக்கத்து ஓடையில் சேர்வதைப் பார்த்துக்கொண்டேயிருந்தாராம். திரும்பி வந்ததும் என்னிடம், "ஐயா, அந்த வீட்டைக் கட்டினவர்கள் தண்ணீருக்கு வழிவிட்டிருக்கிறார்கள். இரண்டு இரவும் நன்றாய்த் தூங்கினேன்" என்று மட்டும் சொன்னார்.

பிரியமானவர்களே, ஜெபிக்க மலைக்குச் செல்லுங்கள். கட்ட நேர்ந்தால் சிறியதாய்க் கட்டுங்கள். அதற்கு முன், பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு அருகிலிருக்கிறதா என்று ஒருமுறை விசாரியுங்கள்.